பெயரும் பொருளும்: பாத்திமா



வெலிமடையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பெயர் வைக்கும் பேச்சில் வீடு இரண்டுபட்டுக் கிடக்கிறதாம். "முன்னுக்குப் பாத்திமா போடாமல் பெயர் வைக்கக் கூடாது" என்கிறார் பிள்ளையின் வாப்பும்மா. "ஊரிலுள்ள எல்லாருக்கும் அதுதானே இருக்கிறது, யாரும் கூப்பிடாத பெயரை எதற்கு வைப்பது, பாரங்களில் பெட்டி போதாமல் போவதற்கா?" என்று கேட்கிறார் பிள்ளையைப் பெற்றவர். மார்க்கம் இதில் என்ன சொல்கிறது என்பது சகோதரியின் கேள்வி.

விடையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பிள்ளைக்கு நல்ல பொருளுள்ள பெயரைச் சூட்டுவது பெற்றோரின் பொறுப்பு. ஏழாம் நாளில் சூட்டுவது ஸுன்னத். பிறந்த அன்றே வைத்தாலும் குற்றமில்லை. ஆனால் பெண்பிள்ளை என்றால் 'பாத்திமா', ஆண்பிள்ளை என்றால் 'முஹம்மது' என்று முன்னுக்கு ஒன்றைப் போட்டாக வேண்டும் என்பது குர்ஆனிலும் இல்லை, ஹதீஸிலும் இல்லை, நமது ஷாபிஈ மத்ஹபின் கிதாபுகளிலும் இல்லை. அது நம் நாட்டு வழக்கம். பரக்கத்தை நாடி நம் முன்னோர் ஏற்படுத்திக்கொண்ட நல்ல வழக்கம்தான். வைத்தால் நன்மையை ஆதரவு வைக்கலாம், வைக்காவிட்டால் பாவமில்லை. மாமியும் மருமகளும் சமாதானமாகிக்கொள்ளலாம்.

இத்துடன் நிறுத்திவிட்டு வேறொரு பெயருக்குப் போயிருப்பேன். ஆனால் இந்தப் பெயர் விஷயத்தில் எனக்கு ஒரு பழைய கடன் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இதைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

2018ஆம் ஆண்டின் ஆரம்பத்தில் தரம் ஆறு வகுப்பொன்றுக்கு இஸ்லாம் பாடம் எடுக்கப் போனேன். அப்புத்தளையில் ஜனவரி மாதத்துக் காலை எப்படியிருக்கும் என்று ஊவாவில் இருக்கும் வாசகிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. ஜன்னலைச் சாத்தினாலும் பனிமூட்டம் உள்ளே வந்து வாங்கில் உட்கார்ந்துகொள்ளும். இடாப்பைத் திறந்தேன். பதினாறு பெண்பிள்ளைகள். அவர்களில் பதினொரு பேரின் பெயருக்கு முன்னால் தகப்பனின் எழுத்துகளோடு 'எப்.' என்று ஓர் எழுத்து. "இந்த எப். என்னம்மா?" என்று கேட்டேன். "பாத்திமா!" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். "அப்படியானால் பாத்திமா எழும்புங்க" என்றேன் வேடிக்கையாக. ஒருவர்கூட எழும்பவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பதினொரு பாத்திமாக்கள் இருந்த வகுப்பில் பாத்திமா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஒரு பிள்ளை இல்லை.

முன் வரிசையிலிருந்த ஒரு பிள்ளை, "மௌலவி, பாத்திமாண்டா என்ன கருத்து?" என்று கேட்டாள். அரபுக் கல்லூரியில் ஓதிவந்தவனின் கர்வம் என்னிடம் எப்போதும் தயாராக இருக்கும். அகராதியில் உள்ளதை அப்படியே எடுத்துச் சொன்னேன்: "பிள்ளைக்குப் பால் மறக்கச் செய்தவள் என்று அர்த்தம்."

"பால் குடுக்காம நிப்பாட்டின உம்மாவா?"

"ஓம்."

பக்கத்திலிருந்தவள் உடனே சொன்னாள்: "இவட உம்மா சவூதியில மௌலவி. இவ பத்து மாசப் பிள்ளையா இருக்கக்கொள போனவ. அங்க அவவயும் பாத்திமாண்டுதானாம் கூப்பிடுற." வகுப்பு சிரித்தது. கேள்வி கேட்ட பிள்ளை சிரிக்கவில்லை. குனிந்து கொப்பியைப் புரட்டத் தொடங்கினாள். மணி அடித்தது, நான் எழுந்து வந்துவிட்டேன்.

பிறகு வகுப்பாசிரியையிடம் விசாரித்தேன். அந்தத் தாய் 2008இல் போனவர். வாப்பாவுக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை. பிள்ளையை வளர்ப்பது சாச்சி. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்மார் வீட்டுப் பணிக்குப் போவதை அரசாங்கம் கட்டுப்படுத்தியது 2013இல்தான். அந்தக் கட்டுப்பாடும் பிற்பாடு தளர்ந்தது. அதற்கு முன் பத்து மாதப் பிள்ளையை வைத்துக்கொண்டு விமானம் ஏறிய தாய்மார் நமது மாவட்டத்தில் எத்தனை பேர் என்று உங்களில் பலருக்குத் தெரியும். உங்களில் சிலரே போய்வந்திருப்பீர்கள்.

அன்றிரவு 'லிஸானுல் அரப்' என்னும் பேரகராதியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான் சொன்னது பிழையில்லை. ஆனால் அரைகுறை. அரைகுறையாகச் சொன்ன சரி சில வேளைகளில் பிழையை விடப் பெரிய தீங்கு செய்யும்.

'பாத்திமா'வின் வேரெழுத்துகள் மூன்று: ஃபா, தடித்த தா, மீம். 'ஃபதம' என்றால் துண்டித்தான், விலக்கினான் என்று பொருள். கயிற்றைத் துண்டிப்பதற்கும் இந்தச் சொல் வரும். பிள்ளையைப் பாலிலிருந்து விலக்குவதற்கும் வரும். 'ஃபிதாம்' என்றால் பால் மறக்கடிக்கும் காலம். 'ஃபதீம்' என்றால் பால் மறந்த பிள்ளை. தன் குட்டிக்கு ஒரு வயதாகிப் பால் மறக்கும் பருவம் வந்த பெண் ஒட்டகத்தை 'ஃபாத்திம்' என்பார்கள். இங்கேதான் நான் தவறவிட்ட விஷயம் இருந்தது. பால் கொடுத்தவளால் மட்டுமே பால் மறக்கடிக்க முடியும். பிள்ளை உயிர் தங்கி, பல் முளைத்து, சோற்றைப் பிசைந்து வாயில் வைக்கும் வயதுக்கு வந்தால்தான் அந்தப் பேச்சே எழும். பாலைவனத்தில் பிறந்த பிள்ளைகள் பலர் அந்த வயதைக் காணாமல் மௌத்தான காலம் அது. ஒரு பெண் குழந்தைக்கு இந்தப் பெயரை வைப்பதென்றால், இவள் வளர்ந்து, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளையும் தப்பிப் பிழைத்து, அதற்குப் பால் மறக்கடிக்கும் நாளைக் காணட்டும் என்ற துஆ அதற்குள் இருக்கிறது என்றே நான் விளங்கிக்கொள்கிறேன்.

குர்ஆனில் இந்தச் சொல் இல்லை. பால் மறக்கடிப்பதற்கு அல்லாஹ் 'ஃபிஸால்' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறான். அதற்கும் பிரித்தல் என்பதே பொருள். ஸூரத்துல் பகராவின் 233ஆம் வசனத்தில், பாலூட்டலைப் பூர்த்தியாக்க விரும்புவோருக்கு இரண்டு முழு வருடங்கள் என்று சொல்லிவிட்டு, அதற்கு முன் நிறுத்துவதானால் தாயும் தகப்பனும் பரஸ்பரம் திருப்திப்பட்டு, ஆலோசனை செய்து நிறுத்தலாம் என்கிறது. கவனியுங்கள் சகோதரிகளே. ஒரு பிள்ளையின் பாலை நிறுத்துவதற்குக்கூட இருவரும் கலந்து பேச வேண்டும். தாய் ஒருத்தியின் தலையில் அதைப் போடவில்லை. அந்தப் பிள்ளையின் வீட்டில் 2008இல் யார் யாரோடு ஆலோசித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் பெயரின் பொருளைச் சொன்ன நான், உம்மாவை மட்டும் கூண்டில் நிறுத்திவிட்டு வந்திருந்தேன்.

பெயராக அல்லாமல் வெறும் சொல்லாகவே 'பாத்திமா' வரும் ஒரு ஹதீஸும் புகாரியில் இருக்கிறது. பதவிக்கு ஆசைப்படுவதைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் எச்சரிக்கும் இடம் அது. பதவியைப் பாலூட்டும் தாய்க்கு ஒப்பிடுகிறார்கள்: பால் தரும்போது இனிமையானவள், மறக்கடிக்கும்போது கடுமையானவள். அந்தக் 'கடுமையாக மறக்கடிப்பவள்' என்ற இடத்தில் வரும் சொல்தான் 'பாத்திமா'. தேர்தலில் தோற்றவரின் வீட்டுக்கு மறுநாள் காலையில் போய்ப் பார்த்தவர்களுக்கு இந்த ஹதீஸுக்கு விரிவுரை தேவைப்படாது. நம் வீடுகளில் ஓதும் புர்தாவிலும் இமாம் பூஸீரி (ரஹ்) மனித நப்ஸைப் பால்குடிப் பிள்ளைக்கு ஒப்பிடும் இடத்தில் இதே வினைச்சொல்லைத்தான் எடுத்தாள்கிறார். அடுத்த முறை ஓதும்போது காதைக் கொடுத்துக் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். "அல்லாஹ் பாத்திமாவையும் அவரை நேசிப்போரையும் நரகத்திலிருந்து விலக்கிவிட்டான், அதனால்தான் இந்தப் பெயர்" என்று மேடைகளில் ஒரு ஹதீஸ் சொல்லப்படுவதுண்டு. இமாம் இப்னுல் ஜவ்ஸி (ரஹ்) அதை இட்டுக்கட்டப்பட்டவற்றின் தொகுப்பில் சேர்த்திருக்கிறார். கேட்க அழகாக இருக்கிறது என்பதற்காக நபியவர்கள் மீது ஒன்றைச் சாட்டிவிட முடியாது.

இந்தப் பெயர் இஸ்லாத்துக்கு முன்பே அரபிகளிடம் பரவியிருந்தது. நபியவர்களின் தந்தை அப்துல்லாஹ்வைப் பெற்றவர் பாத்திமா பின்த் அம்ர். கதீஜா (ரழி) அவர்களைப் பெற்றவர் பாத்திமா பின்த் ஸாயிதா. ஆக, நபியவர்களின் மகள் தந்தை வழிக் கொள்ளுப்பாட்டியின் பெயரையும் தாய் வழிப் பாட்டியின் பெயரையும் சுமந்தவர்.

அரபியில் பாத்திமாக்கள் பலர் சேர்ந்தால் 'ஃபவாத்திம்' என்பார்கள். முஸ்லிம் கிரந்தத்தில் ஒரு ஹதீஸ். தூமா என்ற இடத்து ஆட்சியாளர் உகைதிர் நபி (ஸல்) அவர்களுக்கு ஒரு பட்டுத் துணியை அன்பளிப்பாக அனுப்பினார். ஆண்களுக்குப் பட்டு கூடாதல்லவா? அதை அலீ (ரழி) அவர்களிடம் கொடுத்து, முக்காடுகளாகக் கிழித்து 'ஃபவாத்திம்'களுக்குப் பங்கிடும்படி சொன்னார்கள். யார் அந்தப் பாத்திமாக்கள்? இமாம் நவவி (ரஹ்) தமது விரிவுரையில் மூவரைக் குறிப்பிடுகிறார்: நபியவர்களின் மகள் பாத்திமா, அலீ (ரழி) அவர்களின் தாயார் பாத்திமா பின்த் அஸத், ஹம்ஸா (ரழி) அவர்களின் மகள் பாத்திமா. நான்காமவர் அகீல் (ரழி) அவர்களின் மனைவி பாத்திமாவாக இருக்கலாம் என்பது காழீ இயாழ் (ரஹ்) அவர்களின் கருத்து.

இந்த மூவரையும் வாசித்துக்கொண்டு போனபோதுதான் எனக்கு வழி கிடைத்தது.

பாத்திமா பின்த் அஸத் (ரழி) யார்? பாட்டனாரும் மௌத்தான பின், எட்டு வயது அநாதையாக அபூதாலிபின் வீட்டுக்கு வந்த நபியவர்களுக்குச் சோறு போட்டு வளர்த்த சாச்சி. பெற்றவர் அல்லர், பால் கொடுத்தவரும் அல்லர். ஆனால் அவர் மௌத்தானபோது நபியவர்கள் தமது சட்டையையே கபனாகக் கொடுத்தார்கள் என்று அறிவிப்புகள் இருக்கின்றன. அவற்றின் தொடர்களில் ஹதீஸ் கலை வல்லுநர்களுக்குப் பேச்சு உண்டு. என்றாலும் அந்த அம்மையார் மீது நபியவர்கள் வைத்திருந்த பாசத்தில் யாருக்கும் பேச்சில்லை.

ஹம்ஸா (ரழி) அவர்களின் மகள் கதை இன்னும் நெருக்கமானது. உஹதில் தந்தை ஷஹீதாகிவிட்டார். சில வருடங்களின் பின் உம்ராவை முடித்துக்கொண்டு நபியவர்கள் மக்காவிலிருந்து புறப்படும்போது ஒரு சிறுமி பின்னால் ஓடிவந்தாள், "சாச்சா, சாச்சா" என்று அழைத்தபடி. அலீ (ரழி) கையைப் பிடித்து, தம் மனைவி பாத்திமாவிடம் ஒப்படைத்தார்கள். மதீனாவுக்கு வந்ததும் மூன்று பேர் போட்டியிட்டார்கள், பிள்ளை எனக்கு, எனக்கு என்று: அலீ, ஸைத், ஜஃபர் (ரழியல்லாஹு அன்ஹும்). நபியவர்கள் பிள்ளையை ஜஃபரின் வீட்டுக்குக் கொடுத்தார்கள். காரணம், ஜஃபரின் மனைவி அந்தப் பிள்ளையின் தாயோடு கூடப்பிறந்தவர். தாயின் சகோதரி தாயின் ஸ்தானத்தில் இருப்பவர் என்பது அன்று நபியவர்கள் அளித்த தீர்ப்பு. புகாரியில் உள்ளது. இந்தச் சிறுமியின் பெயர் உமாரா என்பதே பிரபலம். பாத்திமா என்றும் சொல்லப்பட்டிருப்பதாக இப்னு ஹஜர் (ரஹ்) பதிந்திருக்கிறார்.

அடுத்த வாரம் வகுப்புக்குப் போய், "போன கிழமை நான் பாதிதான் சொன்னேன், மிச்சத்தைக் கேளுங்கள்" என்று தொடங்கி இந்த மூன்று பாத்திமாக்களையும் சொன்னேன். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. ஹம்ஸாவின் மகளைச் சாச்சிக்குக் கொடுத்த இடம் வந்தபோது முன் வரிசைப் பிள்ளை தலையை நிமிர்த்தி, "மூணு பேரும் கேட்டாங்களா மௌலவி, அந்தப் பிள்ளைய?" என்றாள். "மூன்று பேரும் சண்டை பிடித்தார்கள்" என்றேன். அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை. கொப்பியில் எதையோ எழுதிக்கொண்டாள்.

நபியவர்களின் மகள் பாத்திமா (ரழி) அவர்களைப் பற்றி நீங்கள் அறியாததை நான் சொல்லப்போவதில்லை. 'ஸஹ்ரா', பிரகாசமானவர், என்ற பட்டப்பெயரும் அவர்களுக்குரியது. நம் ஊர் ஸஹ்ராக்களும் ஜொஹராக்களும் அங்கிருந்து வந்தவர்கள்தான். மக்காவில் ஸுஜூதிலிருந்த தந்தையின் முதுகில் எதிரிகள் ஒட்டகக் குடலைப் போட்டுவிட்டுச் சிரித்தபோது, ஓடிவந்து அதைத் தள்ளிவிட்ட சிறுமி அவர்கள். கல்யாணத்துக்கு மஹராக வந்தது அலீ (ரழி) அவர்களின் போர்க்கவசம். கொடுத்தனுப்பிய சாமான் ஒரு போர்வை, ஒரு தண்ணீர்த் தோற்பை, புல் அடைத்த தோல் தலையணை. மாப்பிள்ளை கவசத்தைக் கொடுத்தார்; பெண் வீட்டார் வீடும் ஸ்கூட்டரும் கொடுக்கவில்லை. மகளுக்குப் பாத்திமா என்று பெயர் வைத்துவிட்டு, அவள் பெரியவளானதும் கைக்கூலிக்குக் காசு சேர்க்க ஓடும் நாம், இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று வாசிக்க வேண்டும்.

திரிகைக் கல்லை அரைத்து அரைத்து அவர்களின் கையில் தழும்பு விழுந்தது. பணியாள் ஒருவரைக் கேட்டு வரலாமென்று தந்தையின் வீட்டுக்குப் போனார்கள். தந்தை இல்லை, ஆயிஷா (ரழி) அவர்களிடம் சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். இரவில், இருவரும் படுக்கைக்குப் போன பின், நபியவர்கள் தாமே வந்து அவர்களுக்கிடையில் உட்கார்ந்தார்கள். அந்தப் பாதங்களின் குளிர்ச்சி தம் நெஞ்சில் பட்டதை அலீ (ரழி) நினைவு கூர்கிறார்கள். படுக்கும்போது ஸுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 சொல்லுங்கள், கேட்ட பணியாளைவிட அது மேல் என்றார்கள். பாத்திமா தஸ்பீஹ் என்று நாம் ஓதுவது இதுதான். தேயிலைக் கறை ஏறி விரல் நுனி கறுத்துப்போன பெண்களை நான் தினமும் பஸ்ஸில் பார்க்கிறேன். அந்தத் தஸ்பீஹ் வேலை செய்த கைக்காக வந்த தஸ்பீஹ் என்பது அப்போதெல்லாம் ஞாபகம் வரும். தந்தை வபாத்தாகி ஆறு மாதத்தில் அவர்களும் வபாத்தானார்கள். நபியவர்களின் குடும்பத்தில் முதலில் அவர்களைப் போய்ச் சேர்ந்தவர்கள்.

பெயர் யாரையும் காப்பாற்றுவதில்லை என்பதற்கும் இதே பெயரில் ஓர் ஆதாரம் உண்டு. மக்ஸூம் கோத்திரத்துப் பெண் ஒருவர் திருடிவிட, பெரிய குடும்பமாயிற்றே என்று பரிந்து பேச ஆள் அனுப்பினார்கள். முஹம்மதின் மகள் பாத்திமா திருடினாலும் தண்டனை இதுவே என்றார்கள் நபியவர்கள். அந்தப் பெண்ணின் பெயரும் பாத்திமா என்றே விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள். தண்டனைக்குப் பின் அவர் தௌபா செய்து, திருமணமும் முடித்து, ஆயிஷா (ரழி) அவர்களின் வீட்டுக்கு வந்து போவார். அவருடைய தேவைகளை ஆயிஷா (ரழி) நபியவர்களிடம் எடுத்துச் சொல்வார்கள். ஒருமுறை தவறியவரை ஊர் எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? இமாம் ஷாபிஈ (ரஹ்) இந்த ஹதீஸை எடுத்துச் சொல்லும்போது நபியவர்களின் மகளின் பெயரைத் தம் வாயால் சொல்லாமல், கண்ணியமிக்க ஒரு பெண்மணி என்று மட்டும் குறிப்பிட்டார்கள். அந்த அதபை எங்கள் உஸ்தாத் சொல்லித்தந்தபோது கண் கலங்கியது இன்றும் நினைவிருக்கிறது.

உமர் (ரழி) அவர்களின் தங்கை பாத்திமா பின்த் கத்தாபைப் பாடப் புத்தகத்திலேயே பிள்ளைகள் படிக்கிறார்கள். முகத்தில் இரத்தம் வழிய நின்றபடி, குளித்துவிட்டு வராமல் குர்ஆன் ஏட்டைத் தொடவிட மாட்டேன் என்று அண்ணனுக்கே சொன்னவர். அதிகம் பேசப்படாதவர் பாத்திமா பின்த் கைஸ் (ரழி). கணவர் மீளமுடியாத தலாக் சொல்லிவிட்டார். இத்தா முடிந்ததும் பெண் கேட்டு வந்தவர்களைப் பற்றி நபியவர்களிடமே ஆலோசனை கேட்டார். ஒருவர் கையில் ஒன்றுமில்லாதவர். மற்றவர் தோளிலிருந்து கம்பை இறக்காதவர் என்று நபியவர்கள் ஒளிக்காமல் சொன்னார்கள். அடிக்கிற மனிதன் என்பது அதன் கருத்து. வரன் விசாரிக்க வருகிறவர்களிடம் "நல்ல பொடியன்" என்று சொல்லி அனுப்பிவிட்டு, பிறகு காதி நீதிமன்ற வாசலில் அனுதாபப்படும் நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிற்காலத்தில் மர்வான், ஒரு பெண் மட்டும் சொல்லும் அறிவிப்பு என்று அவருடைய ஹதீஸை ஏற்கத் தயங்கியபோது, எனக்கும் உங்களுக்கும் இடையே குர்ஆன் இருக்கிறது என்று கூறி ஸூரத்துத் தலாக்கிலிருந்து வாதாடினார். இத்தாவில் தாபரிப்பு உண்டா, இல்லையா என்ற பிரச்சினையில் மத்ஹபுகளின் இமாம்கள் எல்லோரும் இவருடைய ஹதீஸைக் கடந்துதான் போக வேண்டியிருக்கிறது.

ஸமர்கந்தின் பாத்திமாவை மட்டும் சொல்லிவிடுகிறேன். தந்தை அலாவுத்தீன் ஸமர்கந்தி பெரிய ஹனபீ சட்டமேதை. பத்வா வெளியே போகும்போது தந்தையின் கையெழுத்தோடு மகளின் கையெழுத்தும் இருக்கும். அரச குடும்பங்களிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள், தந்தை கொடுக்கவில்லை. மாணவரான காஸானி, ஆசிரியரின் நூலுக்கு 'பதாயிஉஸ் ஸனாயிஉ' என்ற விரிவுரையை எழுதிக் கொண்டுவந்தார். அந்த நூலே மஹராயிற்று. பிறகு பத்வாக்கள் மூன்று கையெழுத்தோடு வெளிவந்தன. கணவர் தடுமாறும் இடங்களில் மனைவி திருத்துவார், அவரும் ஏற்றுக்கொள்வார். ஹலப் நகரில் ரமழான் மாதத்தில் மார்க்க அறிஞர்களுக்கு இப்தார் கொடுக்கத் தம் இரு காப்புகளை விற்றவரும் இவரே. இவர் முந்தி மௌத்தானார். ஹிஜ்ரி 587இல் தாம் மௌத்தாகும் வரை இமாம் காஸானி வெள்ளியிரவு தோறும் மனைவியின் கப்றுக்குப் போவதை விடவில்லை என்று வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள்.

மொரோக்கோவின் பேஸ் நகரத்துக் கரவிய்யீன் பள்ளிவாசலை 859இல் கட்டத் தொடங்கியவராகச் சொல்லப்படும் பாத்திமா அல்பிஹ்ரியை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். நமக்கு அண்மையில், கேரளத்தின் பத்தனம்திட்டாவில் 1927இல் பிறந்த பாத்திமா பீவியும் இருக்கிறார். சட்டம் படி என்று மகளைத் தூண்டியவர் அவருடைய வாப்பா. 1950இல் வழக்கறிஞரானார். 1989இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி. 1997 முதல் 2001 வரை தமிழ்நாட்டின் ஆளுநர். 2023 நவம்பரில் காலமானார்.

துருக்கியில் இந்தப் பெயர் பத்மா, ஈரானில் பாத்தெமே, மேற்கு ஆபிரிக்காவில் பாத்து, பாத்துமாத்தா. நம் மூத்தும்மாமார் பாத்தும்மாவாகவும் பாத்துமுத்துவாகவும் இருந்தார்கள். வாய் நிறையக் கூப்பிட்டார்கள். எப்போதோ அது கூப்பிடுவதற்கான பெயரிலிருந்து எழுதுவதற்கான பெயராகி, பிறகு ஓர் எழுத்தாகவும் சுருங்கிவிட்டது. பின்னால் வரும் பெயரோ அகராதிக்கு எட்டாதது. 'ரிஸ்மினா', 'பஸ்லினா' என்று எழுதிக்கொண்டுவந்து பொருள் கேட்கும் பெற்றோரிடம் நான் என்ன சொல்வது? கேட்க இனிமையாக இருக்கிறது என்று சொல்லி அனுப்புகிறேன். முன்னால் பொருளுள்ள பெயர் ஒன்று சும்மா நின்றுகொண்டிருக்கும்.

அந்த வருடக் கடைசியில் அந்தத் தாய் லீவில் ஊருக்கு வந்தார். தேர்ச்சி அறிக்கை எடுக்கப் பாடசாலைக்கு வந்தபோது, தங்கையையும் கூடவே அழைத்துவந்திருந்தார். மகள் இருவருக்கும் நடுவில் நின்றாள். நான் பெயர்க் கதையைச் சொல்லி, மகளிடம் யோசிக்காமல் பேசியதற்கு அவரிடம் மாப் கேட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. "மௌலவி, போன முதல் நாள் அந்த வீட்டு மடம் 'யா பாத்திமா'ண்டு கூப்பிட்டா. நான் திரும்பிப் பார்க்கவே இல்ல. வேற ஆரையோண்டு நெனச்சி பாத்திரம் கழுவிக்கொண்டு நிண்டேன். மூணாவது தடவ சத்தம் போட்டப்பதான் எனக்கு அப்படி ஒரு பேர் இருக்கிறது ஞாபகம் வந்திச்சி" என்றார். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "பத்து வருஷமாப் போச்சி. இப்ப ஊட்டுப் பேரச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் திடுக்கிடுது" என்றார்.

தேர்ச்சி அறிக்கையில் பாதுகாவலர் ஒப்பமிடும் இடத்தில், தங்கையையே கையெழுத்துப் போடச் சொன்னார்.

இப்போது நான் எந்த வகுப்பிலும் இடாப்பை எழுத்துகளாக வாசிப்பதில்லை. தகப்பன் பெயர், பாத்திமா, பிள்ளையின் பெயர் என்று முழுவதையும் வாசிக்கிறேன். அதற்கு இரண்டு நிமிடம் கூடுதலாகச் செல்கிறது. வெலிமடைச் சகோதரி, உங்கள் பேத்திக்கு என்ன பெயர் முடிவாயிற்று என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.